கடைசிக் கோட்டில் நின்று பாடியவள்

நம் வயசுக்காரர்களுக்கு மட்டும்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களிடம் ஹெட்போன் என்று சொன்னால் காதுக்குள் செருகுகிற மொச்சைக்கொட்டையைக் காட்டுவார்கள். நான் சொல்லப்போகிற ஹெட்போன் அது இல்லை. இரும்புப் பட்டையின் இரண்டு பக்கமும் கருப்புக் கிண்ணம் மாட்டியிருக்கும். தலையில் வைத்தால் கழுத்து ஒரு விரற்கடை உள்ளே இறங்கும். பம்பாய் பம்பாயாகவே இருந்த காலம். எனக்கு ஒன்பது வயசு, என் அக்காவுக்குப் பதின்மூன்று.

படித்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று யாரும் எனக்குப் பதில் அனுப்ப வேண்டாம். எனக்கே இதை நினைத்து அழுகை வந்து பல வருஷம் ஆகிறது. காலில் முள் குத்தி, மேலே தோல் மூடி, காய்த்துப்போன இடத்தை அமுக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. அமுக்குவது தெரியும், வலிக்காது.

அந்த வருஷம் மழை விட்டதும் எங்கள் தாராவிக் கோயிலில் ஒரு பேச்சு எழும்பியது. பிள்ளைகள் பாடுகிற கிறிஸ்துமஸ் பாட்டு இரண்டை ரிக்கார்டு போடப்போகிறார்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் எங்கள் பாட்டு வாத்தியாரே எழுதி மெட்டமைத்தவை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல்பட்டறையிலும் லேத்திலும் வேலை பார்த்த சனங்கள் எங்கள் ஆட்கள். நம்ம பிள்ளைகள் குரல் தட்டில் சுற்றப்போகிறது என்றதும் ஆளாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாம் பாட்டில் ஒரு வரி மட்டும் ஒருத்தி தனியாகப் பாட வேண்டும். ‘தொழுவத்து வாசலில் வெளிச்சம் ஆச்சே’ என்கிற வரி. அதை அக்காவுக்குக் கொடுத்தார் வாத்தியார். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில் வயிறு அடைத்துக்கொள்ளும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த மழையில் அக்காவுக்கு இருமல் வந்து, ஒருநாள் சளியில் ரத்தமும் வந்தது. காசநோய். ஞாயிறு தவிர தினமும் ஊசி. இரண்டு பெட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வியாதிப் பேரை வெளியே சொல்ல முடியுமா என்று அம்மா, அப்பாவின் தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. தாராவி டிஸ்பென்சரிக்குப் போனால் அடுத்த வீட்டுக்காரி பார்த்துவிடுவாள் என்று மாதுங்கா பக்கம் ஒரு டிஸ்பென்சரிக்கு அனுப்பினாள். அம்மாவுக்குப் பட்டறையில் தோல் தைக்கிற வேலை. அதனால் அக்காவுக்குத் துணை நான்தான்.

அந்த நர்ஸ் மராட்டிக்காரி. வாரத்துக்கு ஒருமுறை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பாள். “சக்கர் யேதே கா? கானாத் ஆவாஜ் யேதோ கா?” தலை சுற்றுகிறதா, காதில் இரைச்சல் கேட்கிறதா என்று. முதல் நாளே எங்கள் இருவரையும் உட்காரவைத்து, பாதி ஹிந்தியில், இந்த ஊசி சிலருக்குக் காதைத் தின்றுவிடும், ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள், ஊசியை மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தாள். அம்மாவிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை. சொல்ல மறந்துவிட்டோம்.

ஸ்டூடியோ செம்பூரில், ஸ்டேஷனை ஒட்டின ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருபத்திரண்டு பிள்ளைகளையும் சயானில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார் வாத்தியார். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் தொங்கும். அதன்மேல் சாக்குப் படுதா. ஜன்னலை ஆணி அடித்து மூடியிருப்பார்கள். ரிக்கார்டிங் ஆரம்பித்தால் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். புழுக்கத்தில் தேங்காயெண்ணெய் வழிந்து எங்கள் எல்லார் நெற்றியும் பளபளக்கும். இருபத்திரண்டு பேருக்கும் ஆர்மோனியத்துக்கும் தபலாவுக்கும் சேர்த்து ஒரே மைக். டிபன்பாக்ஸ் அளவில் நடுவில் தொங்கும்.

இப்போது ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக எடுத்து, தப்பாகப் பாடினால் கம்ப்யூட்டரே திருத்திவிடுகிறதாம். அப்போது அதெல்லாம் ஏது? யாருடைய சத்தத்தையும் மிஷினில் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. குறைக்க வேண்டும் என்றால் ஆளையே தூரமாக நிறுத்த வேண்டும். அதற்குத் தரையில் சாக்பீஸ் கோடுகள். மைக்குக்குப் பக்கத்தில் முதல் கோடு, கதவோரம் ஏழாவது கோடு. பூனைக் குரல்காரர்கள் முன்னால், பெரிய குரல்காரர்கள் பின்னால். நான் முதல் கோடு. என் குரல் எனக்கே கேட்காது.

ஒரே ஒருத்தர் இருமினால் போதும், மொத்தப் பாட்டும் மறுபடி முதலிலிருந்து. ரயில் போனாலும் அப்படித்தான். அதனால் மொட்டைமாடியில் ஒரு ஆளை நிறுத்தியிருப்பார்கள். மான்கூர்ட் வண்டி போய்விட்டது என்று அவர் மணி அடித்ததும் சிவப்பு விளக்கு எரியும், அடுத்த வண்டி வருவதற்குள் பாடி முடிக்க வேண்டும். இன்னொரு கொடுமையும் உண்டு. குரலுக்கு எதிரொலி சேர்க்கப் பாத்ரூமுக்குள் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஓடு பதித்த சுவரில் சத்தம் மோதித் திரும்பினால் மாதாகோயிலில் பாடுகிற மாதிரி இருக்குமாம். கேட்கிறவனுக்கு மாதாகோயில், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அடிவயிற்றில் நரகம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷினோடு இருப்பவர் மாதுங்காக்காரர். சவுண்டு மாமா என்று கூப்பிடுவோம். அரைக்கை வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பையில் ஷேவிங் பிளேடு. கழுத்தில் மாலை மாதிரி பழுப்பு டேப் துண்டுகள் தொங்கும். டேப்பைச் சாய்வாக வெட்டி, வேண்டாததை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். ஒட்டின இடத்தை அவரைத் தவிர ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை பாட்டின் இரண்டு அடிக்கு நடுவே, யாரும் பாடாத இடைவெளியில் அக்கா இருமிவிட்டாள். வாத்தியார் பல்லைக் கடித்தார். மாமா சிரித்துக்கொண்டே அந்த இடத்தை மட்டும் வெட்டி, ஒரு சாண் நீளத் துண்டை அவள் கையில் கொடுத்தார்.

“இந்தாடி கொழந்தே, உன் இருமல். பத்திரமா வெச்சுக்கோ.”

அக்கா அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அம்மா கண்டுபிடித்து, “சீக்கை மடிச்சு வேதத்துக்குள்ளயா வைக்க?” என்று சாக்கடையில் போட்டாள். அந்த நாளின் ஞாபகமாக இப்போது கையில் ஏதாவது ஒன்று வேண்டும் என்றால் நான் அந்தத் துண்டைத்தான் கேட்பேன்.

இருமல் குறைந்தது. ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது, எல்லா இடத்திலும். ஒருநாள் பஸ்ஸில் அக்கா சொன்னாள். “ஏட்டி, எனக்குக் காதுக்குள்ள பம்ப் ஸ்டவ் எரியுத மாதிரி உஸ்ஸுன்னே இருக்கு.”

“நர்ஸ்கிட்ட சொல்லணுமேக்கா.”

“சொன்னா அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவா. அம்மா முதல்ல பாட்டைத்தான் நிறுத்துவா. பாட்டு முடியட்டும்ட்டி. முடிஞ்ச மறுநாளே நானே சொல்லுதேன். சத்தியமா.”

அடுத்த வாரம் நர்ஸ் கேட்டாள். அக்கா, “நாஹி” என்றாள், இல்லை என்று. அன்றைக்கு நர்ஸுக்கு என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பினாள். “தூ சாங்.” நீ சொல் என்கிறாள். நானும், “நாஹி” என்றேன். அட்டையில் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு எல்லா வாரமும் இரண்டு பேரையும் கேட்டாள். எல்லா வாரமும் இரண்டு நாஹி.

ஸ்டூடியோவில் என்ன நடந்தது என்றால், காது குறையக் குறைய அக்கா சத்தத்தைக் கூட்டினாள். மாமாவின் மிஷினில் சத்தத்தை அளந்து காட்டும் ஒரு முள் உண்டு. அக்கா வாயைத் திறந்தால் அது சிவப்பில் போய் முட்டும். “தொண்டையிலே ஸ்பீக்கர் வெச்சு அனுப்பிட்டான் பகவான். பின்னாடி போடிம்மா. இன்னும் பின்னாடி.” மூன்றாம் கோட்டில் இருந்தவள் ஐந்துக்குப் போனாள். ஐந்தில் ஆர்மோனியம் இன்னும் குறைவாகக் கேட்டது. இன்னும் ஓங்கிப் பாடினாள். ஆறு. பிறகு ஏழு, கதவோரம். எங்கள் ஆட்களுக்கு ஒரே பெருமை. அப்பாகூடப் பட்டறையில், “எம்மவ குரலுக்கு மிசினே பயப்படுது” என்று சொன்னாராம்.

சுருதி எப்படிச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் ஆர்மோனியப் பலகையில் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைப் பிடித்துக்கொண்டுதான் தன் கோட்டுக்குப் போவாள். தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்தார் வாத்தியார். எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்பதற்கு நான் இருந்தேன். முதல் கோட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். மூடின விரலை விரித்தால் பாட வேண்டும், மூடினால் நிறுத்த வேண்டும். “இந்தச் சின்னவளைப் பாருங்கட்டி, கையைக் கட்டிக்கிட்டு எம்புட்டு அடக்கமா நிக்கா” என்று வாத்தியார் என்னை எல்லாருக்கும் காட்டுவார். நான் ஒரு தடவை விரிக்கப் பிந்தியபோது அக்காவும் பிந்தினாள். திட்டு அவளுக்குத்தான் விழுந்தது. “செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரில்லா இருக்கு உனக்குச் சொல்லுதது!” அவர் வாய்க்குப் பழக்கமான பழமொழி. எங்கள் எல்லாரையும் அப்படித்தான் திட்டுவார்.

வீட்டில் அம்மா கூப்பிட்டால் அக்கா திரும்புவதில்லை. “கூப்பிட்டா ஏறெடுத்துப் பாக்க மாட்டியோ? ஒத்த வரி பாடப்போறதுக்கே இம்புட்டுக் கொழுப்பா?” என்று முதுகில் ஒன்று வைப்பாள். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் குரலை எங்களுக்கே போட்டுக் காட்டினார். நான் சொன்ன அந்த ஹெட்போன்தான். வரிசையாக நின்று தலையில் மாட்டிக்கொண்டோம். எல்லாரும் முதலில் விழித்தார்கள், அப்புறம் “சீ, இது நான் இல்ல!” என்று சிரித்தார்கள். அக்காவின் முறை வந்தது. மாட்டிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் வரவில்லை.

“மாமா, இதுல ஒண்ணும் வரலையே.”

மாமா ஒரு குமிழைத் திருகினார். “இப்போ கேக்கறதா?”

அவர் வாயைப் பார்த்துவிட்டு அக்கா தலையை ஆட்டினாள். “இல்ல மாமா.”

அவர் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார், தேள் கொட்டின மாதிரித் தள்ளி எறிந்தார். அவ்வளவு சத்தம். வயரை அசைத்துப் பார்த்தார். மறுபடி அக்கா தலையில் மாட்டினார். இல்லை. தன் காதில். இருக்கிறது.

“லூஸ் கான்டாக்ட்!” என்றார், ஆளைப் பிடித்துவிட்ட போலீஸ்காரர் மாதிரி. “என் கையிலே வேலை செய்யறது, உன் தலையிலே நின்னுபோறது. எங்கேயோ வயர் விட்டிருக்கு.”

அன்றைக்கு அரைமணி நேரம் எங்களைக் காக்கவைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். அடுத்த வாரம் அக்காவை அவரே கூப்பிட்டு மாட்டினார். வரவில்லை. வயரையே புதிதாக மாற்றினார். வரவில்லை. அந்த மனுஷருக்கு எறும்பு ஊர்ந்தால் கேட்கும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை மூச்சு வாங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்வார். ஆனால் வாழ்நாளெல்லாம் வயரில்தான் குற்றம் கண்டுபிடித்தவர். அவருடைய உலகத்தில் கெட்டுப்போவது சாமான்தான், குழந்தை இல்லை. மூன்றாவது வாரம் அந்த ஹெட்போனைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிட்டதாகச் சொன்னார். அக்கா அன்றைக்குப் புதியதை மாட்டிக்கொண்டு, “ஆமா மாமா, நல்லா கேக்கு” என்றாள். மாமாவுக்கு அவ்வளவு நிம்மதி. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பாட்டு முடிந்தது. இரண்டு ரயில்களுக்கு நடுவில், ஒன்பதாவது தடவையில், ஒரு இருமல்கூட இல்லாமல் முடிந்தது. மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போகும்போது அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்து, “சொல்லிருவமா?” என்று வாயசைத்துக் கேட்டேன். அவள் யோசித்தாள். “ரிக்கார்டு வரட்டும்ட்டி. ஒரு தடவ கேட்டுக்கிடுதேன். அப்புறம் சொல்லுவோம்.” ரிக்கார்டு அடித்து வர ஒரு மாசம் ஆனது. தினமும் ஊசி.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து, வெயில் ஏறின நேரம். கோயிலுக்குள் மேசைமேல் பிளேயர், அதைச் சுற்றிப் பெரியவர்கள். வெளியே முற்றத்தில், வேப்பமரத்தில் கட்டின கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே நாங்கள். சவுண்டு மாமாவும் மாமியும் விருந்தாளிகளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா புதுப் பாவாடையில் கூம்பை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பாட்டு வந்தது. முற்றமே வாயை மூடிக்கொண்டது. நானும் என்னை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு முடிந்தது, தட்டைத் திருப்பிப் போட்டார்கள், இரண்டாம் பாட்டு. அக்காவின் வரிக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். அது வந்தது.

எல்லாரும் பேசாமல் நின்றதால் இன்னும் போடவே இல்லை என்று அக்கா நினைத்துவிட்டாள். அவளுடைய வரி ஒலிக்கத் தொடங்கின அதே நொடியில் என் தோளைப் பிடித்து உலுக்கி, முற்றம் அதிரக் கத்தினாள்.

“எப்பட்டி போடுவாக?”

அத்தனை தலையும் திரும்பியது. அம்மா வந்து கன்னத்தில் ஒன்று விட்டாள். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டாள். அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா அடிக்க? போடலையான்னுதானே கேட்டேன்” என்றாள், அதே பெரிய குரலில். பாட்டு பாட்டுக்கு ஓடி முடிந்தது. மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை தட்டினார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு, மாமியிடம், “வயரைன்னா மாத்திண்டிருந்தேன்” என்றார். அவரை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைப் பார்த்தார். எல்லா வாரமும் நாஹி. இரைச்சல் வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் ஊசியை மாற்றியிருப்போம், அத்தோடு நின்றிருக்கும் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அம்மா அக்காவைப் பார்த்து, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேட்டி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளையை என்ன கேட்பது? நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். எங்களுக்குக் கொடுத்த ரிக்கார்டை அம்மா அடுக்களையில் ஒரு பானைக்கு மூடியாக வைத்தாள். சூட்டில் அது அப்பளம் மாதிரி வளைந்துபோனது. அந்தப் பாட்டைப் பற்றியே எங்கள் வீட்டில் பிறகு யாரும் பேசவில்லை.

அக்கா இப்போது பம்பாய் தாண்டிக் கல்யாண் ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாள். தோல்பை தைத்தே இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வாள், கொஞ்சம் நீளமானால் எழுதிக் காட்ட வேண்டும். நமக்கெல்லாம் பேச்சில் பாதி ஹிந்தி ஏறிவிட்டது. அவளுக்கு ஏறவில்லை. பதின்மூன்று வயசில் கேட்ட தமிழ்தான் இன்னும் பேசுகிறாள்.

போன வருஷம் பாட்டு வாத்தியாரின் பேரன் எங்கேயோ ஒரு பழைய தட்டைத் தேடிப் பிடித்து, அந்த இரண்டாம் பாட்டைக் கோயில் வாட்ஸப் குழுவில் போட்டான். நாலு மாசம் என் போனில் திறக்காமல் கிடந்தது. கல்யாணுக்குப் போயிருந்தபோது அதை எடுத்துக் காட்டி இன்ன பாட்டு என்று சொன்னேன். பிறகு அதே போனில் எழுதினேன்: அந்த நர்ஸ் என்னைக் கேட்டப்ப நானாவது உண்மையைச் சொல்லியிருக்கணும்.

அக்கா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். மெதுவாகப் படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அதை விடு. என் வரி வந்திருக்கா இதுல? நல்லா பாடியிருக்கேனா? ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே.”

தட்டில் எப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது என்று கையை விரித்தேன். அந்தக் கிறிஸ்துமஸில் அவள் கத்தின கத்தலில் அந்த வரி எனக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் அதைக் கேட்கவே இல்லை என்று வாயசைத்துச் சொன்னேன்.

“இத்தனை வருசமா கேக்கலையா? நீ செவிடா நான் செவிடாட்டி?” என்று சிரித்தாள். மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “போடு. நான் உன் மூஞ்சியைப் பாத்துக்கிடுதேன்.”

போட்டேன். அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஆர்மோனியம், பிறகு நாங்கள் இருபத்திரண்டு பேர். அக்கா போனைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் அடி வந்தது. அந்த வரியும் வந்தது. கதவோரத்திலிருந்து வந்தது, ஆனால் பெரிசாக, ஒரு பிசிறு இல்லாமல். ‘ஆச்சே’ என்று இழுத்த இடத்தில் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அந்தக் குரலுக்கு எதுவும் கேட்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டு முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, எனக்குள் ஒன்றும் அசையவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள்தான் பார்த்தாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“இன்னொருக்கா போடுட்டி.”